ஏழாண்டுப் பயிற்சியின் பலன்

இற்றைக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், இலண்டன் மாநகரின் கைவினைக் கழக மண்டபம் ஒன்றிலே 14 வயதுச் சிறுவன் ஒருவன் நிற்கும் காட்சியை மனக்கண்முன் கொண்டுவருதல் கடினமன்று. ஒருபுறம் அவன் தந்தை. மறுபுறம் அவனை ஏற்கவிருக்கும் எசமானர். எழுத்தர் பத்திரத்தைப் படிக்கின்றார். அடுத்த ஏழாண்டுகளும் அச்சிறுவன் எசமானரின் வீட்டிலே தங்கவேண்டும், அவருடைய தொழில் இரகசியங்களைக் காக்கவேண்டும், சூதாடலாகாது, மதுச்சாலைக்குச் செல்லலாகாது, திருமணம் செய்யலாகாது. எசமானர் அவனுக்கு உணவும் உடையும் உறையுளும் அளித்துத் தம் தொழிலைக் கற்பிக்கவேண்டும். கூலி எவ்வளவு? அது பற்றிப் பெரும்பாலான பத்திரங்கள் பேசுவதில்லை. ஏனெனில், பயிலுநனுக்குக் கூலி இல்லை என்பதே வழக்கம்.

அவ்வாறாயின், இளமையின் ஏழாண்டுகளைக் கொடுத்து அவன் பெறுவது யாது? பயிற்சி முடிந்த மறுநாள் அவனுக்கு வேலை கிடைக்குமா? கிடைப்பின், பயிற்சியே பெறாத கூலியாளைவிட அவன் எவ்வளவு மிகுதியாக உழைத்துப் பெறுவான்? ஆங்கில நாட்டின் வரலாறு இவ்வினாக்களுக்கு விரிவான விடைகளை வைத்திருக்கின்றது. அவ்விடைகளோ எல்லோர்க்கும் ஒரே தன்மையன அல்ல.

முதலில் அப்பத்திரத்தின் தன்மையை நோக்குவோம். ஒரே தோலில் அல்லது தாளில் இருமுறை எழுதப்பட்டு, நடுவே பற்கள் போன்ற வளைவுகளுடன் அது வெட்டப்படும். ஒரு பாதி எசமானருக்கு; மறு பாதி பயிலுநனின் வீட்டாருக்கு. பிணக்கு எழுந்தால் இரண்டையும் பொருத்திப் பார்ப்பர். பல்போல் வெட்டப்பட்டது என்னும் பொருளிலேயே அதற்கு ஆங்கிலப் பெயரும் அமைந்தது. தமிழிலே 'முறி' என்னும் சொல் துண்டையும் குறிக்கும், எழுதிக்கொண்ட சாசனத்தையும் குறிக்கும் அன்றோ? அதனால் இதனைப் பயிற்சி முறி என்று சொல்லுதல் பொருத்தமுடைத்து.

இம்முறி வெறும் தனிமனிதர் உடன்படிக்கையாக நில்லாது, நாட்டின் சட்டமாகவே வலுப்பெற்றது 1563ஆம் ஆண்டிலாகும். முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில் நிறைவேறிய கைவினைஞர் சட்டம் இங்கிலாந்து, வேல்ஸ் ஆகிய நாடுகள் முழுமைக்கும் பொதுவிதி ஒன்றை வகுத்தது. அக்காலத்தில் நடைபெற்ற கைத்தொழில் எதனையும், ஏழாண்டுகளேனும் முறையாகப் பயிலாதவன் நடத்தலாகாது. மீறினால் மாதமொன்றுக்கு 40 சிலிங் தண்டம். நகரங்களில் பயிலுநன் 24 வயது நிரம்புமுன் விடுதலை பெறலாகாது. ஆண்டுதோறும் சமாதான நீதவான்கள் கூடி, கூலி இவ்வளவு என நிர்ணயிக்கவேண்டும். நெசவு, தையல், பாதரட்சைத் தொழில் முதலியவற்றில் மூன்று பயிலுநரை வைத்திருப்பவர், பயிற்சி முடித்த தொழிலாளி ஒருவரையாவது வேலைக்கு அமர்த்தவேண்டும். கூலியில்லாத சிறுவர்களை நிரப்பிக்கொண்டு, கூலி கொடுக்கவேண்டிய பெரியவர்களை வெளியேற்றும் தந்திரம் அன்றே இருந்தது என்பதற்கு இவ்விதி ஒன்றே சான்றாகும்.

பயிற்சி முடித்தவன் உடனே எசமானன் ஆவதில்லை. இடையில் ஒரு படி உண்டு. அப்படியில் நிற்பவனை ஆங்கிலேயர் 'ஜேர்னிமன்' என்றழைத்தனர். பயணம் என்னும் ஆங்கிலச் சொல்லை அது நினைவூட்டினும், அதன் மூலம் நாள் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லே. நாட்கணக்கிற்குக் கூலி பெறுபவன் என்பதே கருத்து. பயிலுநன், நாட்கூலிக் கைவினைஞன், எசமானன் என்பன மூன்று படிகள். முதற்படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஏறக் காலம் போதும். இரண்டாம் படியிலிருந்து மூன்றாம் படிக்கு ஏறப் பணம் வேண்டும். இவ்வேறுபாட்டிலேதான் பலருடைய வாழ்க்கையின் வெற்றியும் தோல்வியும் அடங்கிக் கிடந்தன.

இரண்டாம் படியில் நின்றவனின் ஊதியம் எத்தகையது? இதற்குக் கட்டடத் தொழிலாளரின் கூலிக் கணக்குகள் தெளிவான விடை தருகின்றன. பெல்ப்ஸ் பிரவுண், ஷீலா ஹொப்கின்ஸ் என்னும் ஆய்வாளர் இருவர், தென் இங்கிலாந்தின் ஏழு நூற்றாண்டுக் கட்டடக் கூலிகளைத் திரட்டி 1955ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 15ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், பயிற்சி பெற்ற தச்சனும் கொத்தனும் நாளொன்றுக்கு 6 பென்ஸ் பெற்றனர். அவர்களுக்குக் கல்லும் சாந்தும் சுமந்த கூலியாள் 4 பென்ஸ் பெற்றான். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் கைவினைஞனின் நாட்கூலி 24 பென்ஸ், அதாவது 2 சிலிங். கூலியாளின் கூலி 16 பென்ஸ். தொகை நான்கு மடங்காயிற்று, விகிதமோ மாறவில்லை. மூன்றுக்கு இரண்டு என்னும் அவ்விகிதம், முதலாம் உலகப் போர் வரை ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் நிலைத்து நின்றது. அரசர்கள் மாறினர், மதம் மாறிற்று, ஒரு மன்னனின் தலையே கொய்யப்பட்டது. ஆயினும், கற்றவனின் கைக்கும் கல்லாதவனின் தோளுக்கும் இடையே சமூகம் வைத்த விலை வேறுபாடு அசையவில்லை.

எனவே, பயிற்சியின் பலன் ஒன்றரை மடங்கு கூலி என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம் போலத் தோன்றும். ஆனால், ஒன்றரை மடங்கு என்பது எதன் ஒன்றரை மடங்கு என்று பார்த்தல் வேண்டும். 16ஆம் நூற்றாண்டிலே தானிய விலை ஏறிக்கொண்டே சென்றது. கூலி அதற்கேற்ப ஏறவில்லை. அந்நூற்றாண்டின் இறுதியில் கைவினைஞனின் ஒருநாட் கூலி வாங்கக்கூடிய உணவு, அவன் முப்பாட்டன் காலத்துக் கூலி வாங்கியதிற் பாதிக்கும் குறைவாயிற்று. கூலியாளைவிட அவன் மேலானவனாகவே இருந்தான். எனினும் இருவர் வீட்டிலும் அடுப்பு தாழ்ந்தே எரிந்தது.

இனி, செலவுப் பக்கத்தை நோக்குதல் வேண்டும். பயிலுநனுக்குக் கூலி இல்லை என்பது மட்டுமன்று. அவனை ஏற்பதற்கே பல எசமானர்கள் சேர்ப்புப் பணம் கேட்டனர். இப்பணம் எவ்வளவு பரவியிருந்தது எனின், 1710ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் அதன்மீது வரியே விதித்தது. 50 பவுண் வரை பவுணொன்றுக்கு 6 பென்ஸ். அதற்கு மேல் ஒரு சிலிங். அவ்வரியைச் செலுத்தவேண்டியவர் எசமானர்.

12 பென்ஸ் ஒரு சிலிங், 20 சிலிங் ஒரு பவுண் என்னும் பழைய கணக்கை நினைவிற் கொண்டு எடுத்துக்காட்டொன்று பார்க்கலாம். 18ஆம் நூற்றாண்டின் நடுவிலே ஒரு தந்தை தன் மகனைத் தொழிலொன்றிற் சேர்க்க 20 பவுண் கொடுத்தான் என்று கொள்வோம். அது 400 சிலிங். பயிற்சி முடித்த மகன், நாளுக்கு 2 சிலிங்காக வாரம் ஆறு நாட்களுக்கு 12 சிலிங் பெறுவான். கூலியாளாகவே இருந்திருப்பின் 8 சிலிங் பெற்றிருப்பான். வேறுபாடு வாரத்துக்கு 4 சிலிங். தந்தை கொடுத்த பணம் மட்டும் திரும்புவதற்கு இடையறாத 100 வாரங்கள் வேண்டும். பயிற்சிக் காலத்தில் அவன் இழந்த கூலியையும் சேர்த்தால் கணக்கு இன்னும் நீளும். எசமானர் அளித்த உணவையும் உறையுளையும் கழித்தாலும், முதலீடு மீள்வதற்குப் பல ஆண்டுகள் செல்லும்.

இடையறாத வேலை என்பதுதான் இக்கணக்கின் நலிந்த கண்ணி. 1747ஆம் ஆண்டில் கம்பெல் என்பவர், தம் பிள்ளைகளுக்குத் தொழில் தேடும் பெற்றோருக்காக 'இலண்டன் தொழிலாளன்' என்னும் பொருளுடைய நூலொன்றை வெளியிட்டார். ஒவ்வொரு தொழிலுக்கும் சேர்ப்புப் பணம் எவ்வளவு, தனிக்கடை தொடங்க எவ்வளவு முதல் வேண்டும், வேலை நேரம் யாது என்றெல்லாம் அவர் அட்டவணையே இட்டுள்ளார். தையற்காரர் பற்றி அவர் கூறுவது கவனிக்கத்தக்கது. ஆண்டின் ஒரு பாதியில் அவர்களுக்கு நாளுக்கு 20 பென்ஸ்; மறு பாதியில் 2 சிலிங். ஆனால் ஆண்டிலே மூன்று நான்கு மாதம் வேலையே இல்லை. தொழிலாளர் தொகையோ மிகுதி. பயிற்சி முடித்த கை கையாகவே இருக்க, அதற்கு வேலை தருவார் இல்லாத நிலை இது.

பெண்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. மகளிர் அணியும் தொப்பியும் ஆடையணிகளும் செய்யும் கடைகளிலே பெண்பிள்ளைகளும் பயிலுநராகச் சேர்க்கப்பட்டனர். அத்தொழிலின் இலாபம் பெரிது. ஆயினும், எல்லா வகை ஊசி வேலையிலும் தேர்ந்த பெண்ணொருத்தி வாரத்துக்கு 5 அல்லது 6 சிலிங்குக்கு மேல் உழைக்க இயலாது என்றும், அதிலேயே அவள் உணவையும் இருப்பிடத்தையும் தேடிக்கொள்ளவேண்டும் என்றும் கம்பெல் எழுதுகின்றார். அவள் பயின்ற ஊசி வேலைக்குக் கிடைத்த வாரக்கூலி, ஏதும் பயிலாத ஆண் கூலியாளின் 8 சிலிங்கையும் எட்டவில்லை. திறமை ஒன்றே கூலியைத் தீர்மானிக்கின்றது என்னும் கூற்று எவ்வளவு குறையுடையது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மூன்றாம் படியை எட்டியவர்களும் உளர். தோமஸ் பியூவிக் என்னும் மரச் செதுக்குக் கலைஞரின் வாழ்க்கை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1767ஆம் ஆண்டில், 14 வயதில், நியூகாசில் நகரத்துச் செதுக்குநரான ரால்ப் பெய்ல்பியிடம் அவர் பயிலுநராகச் சேர்ந்தார். 1774இல் பயிற்சி முடிந்தது. 1776இல் இலண்டனுக்குச் சென்றார். அங்கு வேலை கிடைத்தும் அந்நகர வாழ்வு அவருக்கு ஒவ்வவில்லை. 1777இல் நியூகாசிலுக்கு மீண்டபோது, பழைய எசமானரே அவரைத் தம் பங்காளியாக ஏற்றார். முதல் இல்லாதவனுக்கு மூன்றாம் படிக்கு ஏறக் கிடைத்த அரிய ஏணி அது. பிற்காலத்தில் விலங்குகளையும் பறவைகளையும் பற்றி அவர் வெளியிட்ட படநூல்கள் அவருக்கு அழியாப் புகழ் தந்தன. ஆனால், பெய்ல்பி போன்ற எசமானர் எல்லோர்க்கும் வாய்த்தனர் என்று கொள்ளுதல் தவறாகும்.

பயிற்சியை முடிக்காமலே விலகியோரும் பலர். 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் இலண்டனிற் சேர்ந்த பயிலுநரிற் பாதிக்கும் மேற்பட்டோர், பயிற்சியை முடித்து நகர உரிமை பெறும் நிலையை அடையவில்லை. நோயில் இறந்தோர் சிலர்; எசமானரின் கொடுமைக்கு அஞ்சி ஓடியோர் சிலர்; போதிய அளவு கற்றதும் சொந்த ஊருக்குத் திரும்பித் தொழில் தொடங்கியோர் வேறு சிலர். இலண்டனில் உரிமையின்றிக் கடை வைக்க இயலாது. சிற்றூரில் கேட்பார் குறைவு. ஆகவே, கைக்குத் திறமை ஓர் ஆண்டிலே வரலாம். உரிமை வர ஏழாண்டு வேண்டும் என்பதே உண்மை நிலை.

இவ்வுண்மையை நேரில் உணர்ந்தவர் ஜேம்ஸ் வாட். ஸ்கொத்லாந்தில் 1736ஆம் ஆண்டு பிறந்த அவர், கணிதக் கருவிகள் செய்யும் தொழிலைக் கற்க 1755இல் இலண்டன் சென்றார். 19 வயதான அவரை முறையான பயிலுநராக ஏற்பார் அரியராயினர். ஈற்றில் ஜோன் மோர்கன் என்பவர், 20 கினி பெற்றுக்கொண்டு ஓராண்டு மட்டும் கற்பிக்க இசைந்தார். கினி என்பது 21 சிலிங். பிறர் ஏழாண்டிற் கற்பதை ஓராண்டிற் கற்றுக்கொண்டு வாட் 1756இல் ஊர் திரும்பினார். கிளாஸ்கோ நகரிலோ உலோகத் தொழிலாளர் கழகம் குறுக்கே நின்றது. அவர் அந்நகரத்து உரிமைக்குடியின் மகனுமல்லர். அங்கு முறைப்படி பயின்றவருமல்லர். ஆகவே கடை வைக்க வழியில்லை என்பர். 1757இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் தன் எல்லைக்குள்ளேயே அவருக்கு ஒரு தொழிற்கூடம் அளித்தது. நீராவி இயந்திரத்தை மாற்றியமைத்த எண்ணம் பின்னர் உருவானது அப்பல்கலைக்கழகத்துக்காக அவர் பழுது பார்த்த ஒரு மாதிரி இயந்திரத்தினால் ஆகும்.

அதே பல்கலைக்கழகத்திலே அக்காலத்தில் பேராசிரியராக இருந்தவர் ஆதம் சிமித். 1776ஆம் ஆண்டு வெளிவந்த தம் பொருளியற் பெருநூலில் அவர் ஏழாண்டுப் பயிற்சியைக் கடுமையாகத் தாக்கினார். மணிக்கூடு செய்தல் போன்ற நுண்தொழிலைக்கூடச் சில வாரங்களிற் கற்பிக்கலாம். நெடுங்காலப் பயிற்சி தேவையில்லை. தன் உழைப்பின் பயன் பிறனுக்கே செல்லுமாயின் இளைஞன் சோம்பேறியாகின்றான். செய்த சிறு வேலைக்கும் கூலி கொடுத்தால் ஊக்கத்துடன் கற்பான். இவை அவர் வாதங்கள். சட்டத்தின் விந்தையையும் அவர் எடுத்துக்காட்டினார். 1563ஆம் ஆண்டுக்கு முன் இருந்த தொழில்களுக்கே அச்சட்டம் பொருந்தும் என்று நீதிமன்றங்கள் தீர்த்திருந்தன. அதனால், குதிரை வண்டி செய்பவன் தன் வண்டிக்குச் சக்கரம் செய்யலாகாது; சக்கரம் செய்பவனோ வண்டி முழுவதையும் செய்யலாம். மஞ்செஸ்டர், பர்மிங்ஹாம் நகரங்களின் புதிய தொழில்கள் பல சட்டத்தின் பிடிக்கு வெளியே நின்றன.

சிமித்தின் வாதம் ஒரு பக்கத்தை நன்கு விளக்கிற்று. மறுபக்கத்தை வெளிப்படுத்தியவை புதிய ஆலைகள். 1601ஆம் ஆண்டின் வறியோர் சட்டப்படி, ஆதரவற்ற பிள்ளைகளைக் கோயிற்பற்று அதிகாரிகள் பயிலுநராகக் கட்டிக்கொடுக்கலாம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பிள்ளைகள் பருத்தி ஆலைகளுக்கு அனுப்பப்பட்டனர். ஸ்டயில் என்னுமிடத்தில் சாமுவேல் கிரெக் என்பாரின் ஆலைக்கருகே 1790இல் கட்டப்பட்ட பயிலுநர் இல்லம் இன்றும் நிற்கின்றது. 1802ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகையோரின் வேலையை நாளுக்கு 12 மணித்தியாலத்துக்கு மேற்படாமல் வரையறுத்தது. அறுந்த நூலை முடிவதும் பஞ்சு பெருக்குவதுமாகக் கழிந்த அவ்வாண்டுகள் முடிந்தபின், ஆலைக்கு வெளியே விலைபோகும் தொழில் எதுவும் அவர்கள் கையில் இல்லை. முறி இருந்தது, பயிற்சி என்னும் பெயர் இருந்தது, தொழில் மட்டும் இல்லை.

இந்நிலையிலே, பயிற்சி முடித்த கைவினைஞர் பழைய சட்டத்தையே தம் அரணாகக் கருதினர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முறைப்படி பயிலாதோரைக் குறைந்த கூலிக்கு அமர்த்திய எசமானர்மீது அவர்கள் அச்சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரலாயினர். எசமானர் சட்டத்தையே நீக்கும்படி பாராளுமன்றத்தை வேண்டினர். சட்டம் நிலைக்கவேண்டும் என்று கோரிய விண்ணப்பங்களில் ஏறத்தாழ 300,000 பேர் கையெழுத்திட்டனர். நீக்கக் கோரியோர் ஏறத்தாழ 2,000 பேர் மட்டுமே. கைவினைஞரின் வாதம் எளிது. நிலமுடையவனுக்கு நிலம் சொத்து. வணிகனுக்குச் சரக்குச் சொத்து. தமக்கு ஏழாண்டே சொத்து. அதனைச் சட்டம் நம்பச் செய்து வாங்கிக்கொண்டபின், அச்சட்டமே கைவிடுதல் தகுமா என்பதே அவர்கள் கேள்வி. ஆயினும், 1813இல் கூலி நிர்ணய விதிகளும் 1814இல் பயிற்சி விதிகளும் நீக்கப்பட்டன. இரண்டரை நூற்றாண்டு நின்ற வேலி வீழ்ந்தது.

வேலி வீழ்ந்தபின் நடந்தது யாது? எல்லாத் தொழிலும் ஒரே வழியிற் செல்லவில்லை. இயந்திரத் தொழில், அச்சுத் தொழில், கப்பல் கட்டும் தொழில் ஆகியவற்றில் தொழிலாளர் சங்கங்கள் வலுவாக இருந்தன. சட்டம் விட்ட காவலை அவை ஏற்றன. 1851ஆம் ஆண்டில் அமைந்த பொறியியலாளர் கூட்டுச் சங்கம், தொழிலை முறையாகப் பயின்றோரையே அங்கத்தவராக ஏற்றது. அங்குப் பயிற்சி முடித்தவனின் கூலி காக்கப்பட்டது. தையல், பாதரட்சைத் தொழில்களிலோ காவல் தளர்ந்தது. 1849, 1850ஆம் ஆண்டுகளில் ஹென்றி மேஹியூ என்னும் பத்திரிகையாளர் இலண்டன் தொழிலாளரைக் கண்டு எழுதியபோது, ஒரே தொழிலுக்குள் இரு உலகங்களைக் கண்டார். சங்கக் கூலி வழங்கிய மதிப்புள்ள கடைகள் சில. வீட்டின் ஒடுங்கிய அறைகளிலே இரவும் பகலும் குறைந்த கூலிக்கு வேலை வாங்கிய மலிவுக் கடைகள் பல. ஒரே வகைப் பயிற்சியை முடித்த இருவர், ஒரே நகரில், ஒரே ஊசியைப் பிடித்து, இருவேறு வாழ்வு வாழ்ந்தனர்.

இவ்வரலாற்றிலிருந்து தெளிவாகும் உண்மை ஒன்று உண்டு. பயிற்சி முடித்தவனின் ஊதியம் அவன் விரல்களின் திறமையால் மட்டும் அமைந்ததன்று. அத்திறமை உடையோர் எத்தனை பேர் என்பதும், அவ்வெண்ணிக்கையைக் காப்பவர் யார் என்பதும், தனிக்கடை தொடங்க முதல் உண்டா என்பதும் சேர்ந்தே அதனை அமைத்தன. திறமை இருந்தும் உரிமை இல்லாது வாட் தவித்தார். உரிமை இருந்தும் வேலை இல்லாது தையற்காரன் ஆண்டிலே மூன்று நான்கு மாதம் வாடினான். முறி இருந்தும் தொழிலே இல்லாது ஆலைச் சிறுவன் வீதிக்கு வந்தான். மூன்றும் பொருந்திய இடத்திலேதான் ஏழாண்டு பலன் தந்தது.

சிமித் கண்ட குறைகள் பொய்யல்ல. விண்ணப்பத்திற் கையெழுத்திட்டோரின் அச்சமும் பொய்யன்று. நெடிய பயிற்சி எசமானனுக்குக் கூலியில்லாத உழைப்பைத் தந்தது. அதே பயிற்சி, முடித்தவனுக்குக் கல்லாதவனைவிட ஒன்றரை மடங்கு கூலியையும், தன் தொழில் தனக்குரியது என்னும் நிமிர்வையும் தந்தது. 1814இல் பாராளுமன்றம் குறையை நீக்க முனைந்தபோது காவலையும் உடன் நீக்கிவிட்டது. அதற்கு ஈடாக வேறு காவலைத் தேடிக்கொள்ளத் தொழிலாளருக்குப் பல தலைமுறை சென்றது. இளைஞன் ஒருவனிடம் அவன் இளமையைக் கேட்கும் எந்தச் சமூகமும், கற்பிப்பதுடன் தன் கடமை முடிந்தது என்று இருந்துவிட இயலாது. கற்றதற்கு இடம் காட்டுவதும் அக்கடமையின் பாதியாகும். ஒரே தாளில் எழுதி இரண்டாக வெட்டிய அப்பழைய முறியும் இதனையே குறித்தது. இரு பாதியும் பொருந்தினால்தான் அது செல்லும்.